விடிய விடிய எரியும் வெளி லைற்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவில் வெளி லைற்றை நூர்க்காமல் படுக்கிறவர்களுக்குப் புத்தி சொல்ல வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் கொஞ்ச மண்ணெண்ணெயையும் விட்டு அந்த வெளிச்சத்தில் படித்துக் கம்பஸ் போனவர்கள் இருக்கிறார்கள், இப்போதைய சனத்துக்கு அருமை தெரியவில்லை என்று. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வரும். 1990களில் இருந்து சண்டை முடியும் வரை வன்னியில் பெரும்பகுதிக்கு மின்சார சபையின் கரண்டே இல்லை. சண்டை முடிந்து மீளக் குடியேறிய பிறகும் கம்பி வந்து சேராமல் கனகாலம் காத்திருந்த ஊர்கள் இருக்கின்றன. அவ்வளவு காலம் இருட்டுக்குள் இருந்த சனம் ஒரு லைற்றைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்க விரும்புவதில் என்ன பிழை?

ஆனாலும் அந்த லைற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். இந்தப் பக்கத்தில் இரவில் லைற் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மறதி இல்லை, பயம். அரை ஏக்கர் காணிக்குள் ஒரு வீடு, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை, வீட்டில் ஒரு அம்மாவும் படிக்கிற பிள்ளையும் மட்டும். ஆம்பிளை இல்லாத வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011இல் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வருகிறார்கள், ‘கிறீஸ் பூதம்’ என்று ஊரே நடுங்கின நாட்களில் லைற் போடத் தொடங்கியவர்கள் சிலர் இன்றைக்கும் நூர்க்கவில்லை. காட்டோரக் காணி என்றால் யானை, மழை வந்தால் புடையன் பாம்பு, இதெல்லாம் கற்பனைப் பயம் இல்லையே. அதனால் ‘லைற்றை அணையுங்கள்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர் அந்த வீட்டில் ஒரு இரவு தனியப் படுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, பயத்துக்கு லைற் வேண்டும். எந்த லைற், எந்த இடத்தில் என்பதில்தான் நாங்கள் காசை விடுகிறோம்.

இப்போது புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் எந்த ஹாட்வெயார் கடைக்குப் போனாலும் தட்டை வடிவ எல்இடி பிளட் லைற் தொங்குகிறது. 50 வாட், 100 வாட். எல்இடி என்றால் கரண்ட் இழுக்காது என்று ஒரு நம்பிக்கை சனத்திடம் இருக்கிறது, கடையிலும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். எல்இடியோ என்னவோ, 50 வாட் என்றால் 50 வாட்தான். மாலை 6 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்கு நூர்த்தால் ஒரு இரவுக்கு 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு. 100 வாட் என்றால் 36. அதே நேரம் ஒரு 7 வாட் பல்ப் விடிய விடிய எரிந்தாலும் மாதத்துக்கு இரண்டரை அலகுதான்.

18 அலகு பெரிய விசயமா என்று கேட்பவர்கள் தங்கள் பில்லை ஒருக்கால் எடுத்துப் பார்க்கவும். வீட்டுப் பாவனைக்கு 60 அலகு என்று ஒரு கோடு இருக்கிறது. 30 நாளில் அதற்குள் நின்றால் ஒரு கணக்கு. 61 ஆனால் அந்த ஒரு அலகுக்கு மட்டும் கூடக் கட்டுவதில்லை, முதல் 60 அலகுக்கும் வேறு வீதம், நிலையான கட்டணமும் ஏறும். சின்னப் பிரிட்ஜ் ஒன்று, ஒரு ஃபான், டீவி, உள்ளே நாலு பல்ப் என்று இருக்கிற வீடு மாதம் 50, 55 அலகில் நிற்கும். அதற்கு மேல் அந்த 50 வாட்டை ஏற்றினால் 70 அளவுக்குப் போகும். அதைக் கழற்றிவிட்டு 7 வாட் போட்டால் திரும்பக் கோட்டுக்குள் வரலாம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் என்று கட்டணம் ஏறியதையும் பிறகு இறங்கி ஏறி விளையாடுவதையும் தாங்கிக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது சின்ன விசயம் இல்லை. கடல் நீரில் விளக்கெரிப்பது வற்றாப்பளை அம்மனுக்கு முடியும், எங்கள் வீட்டு லைற்றுக்குக் காசுதான் வேண்டும்.

நம்பாதவர்கள் மீற்றரிடமே கேட்கலாம். புது மீற்றர்களில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மினுக்கிக்கொண்டிருக்கும், ஒரு அலகுக்கு எத்தனை தரம் மினுக்கும் என்ற எண்ணும் அதன் முகத்திலேயே இருக்கும். எல்லோரும் படுத்த பிறகு பிரிட்ஜையும் ஃபானையும் கொஞ்ச நேரம் நிறுத்தி, வெளி லைற்றை மட்டும் எரிய விட்டு மீற்றருக்கு முன்னால் நில்லுங்கள். 1600 என்று எழுதிய மீற்றரில் 50 வாட் லைற் எரிந்தால் முக்கால் நிமிசத்துக்கு ஒரு தரம் மினுக்கும். 7 வாட் என்றால் ஐந்து நிமிசம் கடந்தும் அடுத்த மினுக்கு வராது, நுளம்புதான் கடிக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அதன் பிறகு அவர்களே சுவிச்சைத் தேடிப் போவார்கள், பெரியவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம்.

நாட்டுக்காக லைற்றை அணையுங்கள் என்ற பேச்சும் உண்டு. அது முன்னிரவுக்குப் பொருந்தும். மாலை ஆறரையில் இருந்து பத்தரை வரை நாடு முழுக்கச் சமைத்து, டீவி பார்த்து, அயன் பண்ணுகிற நேரம், மின்சார சபைக்கு மூச்சு முட்டுவதும் அப்போதுதான். இரவு இரண்டு மணிக்கு வள்ளிபுனத்தில் ஒரு பல்ப் எரிவதால் நுரைச்சோலை மின் நிலையம் நின்றுவிடாது. பில் உங்களுக்கு வருகிறது, அதுதான் காரணம். இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாலே சனம் கேட்கும்.

இனி அந்தப் பிளட் லைற்றைப் பூட்டுகிற விதம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் வயறிங் செய்ய வந்த தம்பி முன் சுவரில் உயரத்தில் றோட்டைப் பார்க்கப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரவில் அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தால் கண் கூசி முன்னுக்கு இருக்கிற கிடங்கு தெரியாது. எதிர் வீட்டுப் படுக்கையறைக்குள் விடியும் வரை பகல். அந்த வீட்டு அக்காவுக்கோ கேற்றடி மட்டும் பளபள என்று தெரியும், அதைத் தாண்டி மாமரத்துக்குப் பின்னால் யார் நின்றாலும் ஒன்றும் தெரியாது, கண் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டால் அப்பால் உள்ள இருட்டு இன்னும் இருட்டாகத்தானே போகும். கள்ளனுக்கு இதைவிட வசதி என்ன? லைற்றை இறக்கி நிலத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தால் பாதி வெளிச்சமே போதும்.

அப்புறம் பூச்சி. மாரி தொடங்கினால் ஈசல், ஈசலுக்குத் தவளையும் பல்லியும், தவளைக்குப் பாம்பு. பாம்புக்குப் பயந்து வாசற்படிக்கு நேரே விடிய விடிய லைற் போடுகிறவர்கள் அதைப் படியடிக்கே கூப்பிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கக்கூசுக்குப் போக வர ஒரு ரோச் போதும், அல்லது போகும்போது போடுகிற சுவிச் ஒன்று தலைமாட்டில் இருந்தால் போதும். வயலோர வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சி வெளிச்சத்தைத் தேடி வருகிற சாதி, அதைப் பிடிக்க விளக்குப் பொறி வைப்பது இதனால்தான். காலபோகப் பயிர் நிற்கிற நேரம் வயலைப் பார்க்கப் பிளட் லைற் போட்டால் பொறி இல்லாமல் விளக்கை மட்டும் வைத்தது போலத்தான்.

யானைக்கு லைற் எவ்வளவு தூரம் சரிவரும் என்று காட்டோரத்தில் இருக்கிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. வாழைக்கு என்று வருகிற யானை லைற்றைப் பார்த்துத் திரும்பியதாக நான் கேள்விப்படவில்லை, யானைவெடியும் வேலியும்தான் அவர்களின் பேச்சு. ஆனால் வெளியே இறங்கும் முன் அது நிற்கிற இடத்தைப் பார்க்க அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கமரா பூட்டிக் கொடுத்துவிட்டு அங்கே பகலாக இருக்கும்போது கனடாவில் இருந்து பார்த்து, “அம்மா, லைற்றை நூர்க்காதேங்கோ, ஒண்டும் வடிவாத் தெரியுதில்லை” என்று போன் எடுக்கிறார்கள். இப்போது விற்கிற கமராக்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தாங்களே விட்டு இருட்டிலும் படம் பிடிக்கும். நிறம் வராது, கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ஆள் யார் என்று பார்க்க அது காணும். அம்மாவின் பில்லை நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம், அவ கோழி முட்டை விற்றுக் கட்டுகிறா என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆளில்லாத வீடுகள் இதைவிட மோசம். வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன வீட்டில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் வாசல் லைற் எரிகிறது. பார்க்கச் சொல்லி விட்ட ஆள் தினம் இரண்டு தரம் வந்து சுவிச் தட்டுவாரா? பகலில் எரிகிற லைற் ‘இங்கே ஆளில்லை’ என்று போர்ட் எழுதி மாட்டியதற்குச் சமம். இருட்டினால் தானாக எரிந்து விடிந்தால் தானாக நிற்கிற சென்சர் பல்ப்புகள் இப்போது சாதாரணக் கடைகளிலும் இருக்கின்றன. ஆள் அசைந்தால் மட்டும் எரிகிறதும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான், சும்மா எரிந்துகொண்டே இருக்கிற லைற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, திடீரென்று எரிகிற லைற்றுக்கு நாயும் குரைக்கும் வீட்டுக்காரரும் எழும்புவார். நாயும் பூனையும் நடந்தாலும் எரியும் என்ற கரைச்சல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டிச் சமாளிக்கலாம். சோலரில் வேலை செய்கிறதும் வருகிறது, ஆனால் மார்கழி மழையில் வெயில் காணாத நாட்களில் நடுச்சாமத்துக்கு முன்னரே படுத்துவிடும். அதை மட்டும் நம்பித் தனி வீட்டில் இருக்க வேண்டாம்.

கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டப் போடுகிற பல்ப், சாவீட்டில் அணையாமல் பார்க்கிற விளக்கு, சுகமில்லாதவரின் தலைமாட்டு லைற், இதுகளைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் மாட்டுக் கொட்டிலுக்கும் கிணற்றடிக்கும் மரத்துக்கு மரம் வயரை இழுத்து, மழை நனைகிற ஹோல்டரில் பல்ப்பைத் தொங்க விட்டிருக்கிறவர்கள் பில்லை விட்டுவிட்டு முதலில் அந்த வயரைப் பார்க்க வேண்டும். சுவிச்சை நூர்த்த பிறகும் எல்இடி பல்ப் மங்கலாக மினுங்கினால் சும்மா விடாதீர்கள். சுவிச்சைக் கரண்ட் வருகிற பேஸ் வயரில் போடாமல் நியூற்றலில் போட்டிருக்கக்கூடும், அப்படியென்றால் நூர்த்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்ப் மாற்ற ஏறுகிறவருக்கு அது தெரியாது. தெரிந்த எலக்ரீசியன் ஒருவருக்கு அரை மணித்தியால வேலை.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனிய இருக்கிற அம்மாமாரின் வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் சுற்றுலாவுக்குக் காசு சேர்க்கிற கதை வரும்போது, அந்த வீடுகளுக்கு ஆள் அசைந்தால் எரிகிற லைற் ஒன்று வாங்கிப் பூட்டிக் கொடுக்கிற கதையையும் எடுங்கள். பூட்டுகிற தம்பியிடம் நிலத்தைப் பார்க்கத் திருப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விசுவமடு வாசகி ஒருவர்