நோயைக் கண்டறிந்த படமே சிகிச்சைக்குப் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையைத் திட்டமிடுவதில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் பங்கு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்துறையில் மருத்துவ இயற்பியலாளராகப் பணிபுரிகிறவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“போன மாதம்தானே எம்.ஆர்.ஐ. எடுத்தோம், மறுபடியும் எதற்கு?” என்று ஃபிலிம் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காத குடும்பம் அரிது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் படம், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, நோயாளியை மெத்தென்ற தலையணையில் படுக்கவைத்து எடுத்தது. சிகிச்சையின்போதோ அவர் தட்டையான பலகையில், வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்தி வார்த்த வலை முகமூடிக்குள் அசையாமல் படுத்திருப்பார். கழுத்தின் வளைவு கொஞ்சம் மாறினாலும் பழைய படத்தைத் திட்டமிடலுக்கான சி.டி. படத்தின் மேல் சரியாகப் பொருத்த முடியாது. தாடை பொருந்தினால் முதுகெலும்பு விலகி நிற்கும்.

சி.டி.யையே கைவிட்டுவிடலாம் என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. எம்.ஆர்.ஐ. சமிக்ஞை உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து வருவது. கதிரின் அளவைக் கணக்கிட, எக்ஸ் கதிர் எந்தத் திசுவில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது தெரிய வேண்டும். எக்ஸ் கதிராலேயே எடுக்கும் சி.டி. அதைக் காட்டும், எம்.ஆர்.ஐ. நேரடியாகச் சொல்லாது. கெட்டியான எலும்பும் வெறும் காற்றும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களில் ஒரே மாதிரிக் கறுப்பாகத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யிலிருந்தே ‘செயற்கை சி.டி.’யை உருவாக்கும் மென்பொருள்கள் இப்போது பயன்பாட்டுக்கு வந்துள்ளன என்றாலும், பெரும்பாலான இடங்களில் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுகிறோம்.

எம்.ஆர்.ஐ.யின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சி.டி.யில், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் அடிமுனை சுற்றியுள்ள தசையோடு கலங்கித் தெரிவதால், உள்ளதைவிடப் பெரிதாகவே எல்லை வரைந்துவிடுகிறோம், எம்.ஆர்.ஐ.யில் அந்த விளிம்பு தெளிவாகப் பிரிந்து நிற்கும். சிகிச்சைக் கருவியோடு எம்.ஆர்.ஐ.யையும் இணைத்துப் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியான ‘மிராஜ்’ ஆய்வில், வரைந்த எல்லையைச் சுற்றி, குறி தப்பாதிருக்கக் கூடுதலாகக் கதிர் பாய்ச்சும் இடைவெளியை 4 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டராகக் குறைக்க முடிந்தது. சிகிச்சையை ஒட்டிய காலத்தில் மிதமான அல்லது அதைவிடக் கடுமையான சிறுநீர்த் தொந்தரவு, சி.டி. வழிகாட்டலில் சுமார் 43 சதவீதத்தினருக்கும் எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் சுமார் 24 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது.

ஆனால் இடைவெளி இவ்வளவு சுருங்கும்போது, எம்.ஆர்.ஐ. படத்தின் ஓரங்களில் காந்தப்புலம் சீராக இல்லாததால் நேரும் மில்லிமீட்டர் அளவுத் திரிபுகூட அதை விழுங்கிவிடும். கட்டங்கள் பதித்த சோதனைப் பெட்டியை ஸ்கேனருக்குள் வைத்து, நேர்கோடு நேர்கோடாகவே பதிகிறதா என்று நாங்கள் அவ்வப்போது பார்ப்பது இதனால்தான். இத்தகைய சோதனைக்கு உட்படாத படத்தை நம்பி எல்லை வரைய என் கை துணியாது.

கதிர்வீச்சு தேவைப்படலாம் என்று தெரிந்தவுடனேயே, எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக்கொடுக்கும் மருத்துவர் எங்கள் பிரிவோடு ஒரு வார்த்தை பேசினால், முதல் படத்தையே சிகிச்சை நிலையில் எடுத்துவிட வாய்ப்புண்டு. குடும்பத்தினரும் இதை அவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலாளர் ஒருவர்