உசாத்துணை: கூகுள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்து வாசகர் வட்டம் ஒன்று பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்து, என்னையும் நடுவராகக் கூப்பிட்டிருந்தது. தலைப்பு, எங்கள் தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் 'எங்கள் தோட்டத்தின் கதை'. வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் முதல் பந்தி ஒன்றேதான், எழுத்துப்பிழை உட்பட. உசாத்துணை, அதாவது எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு, கேட்ட இடத்தில் சிலர் 'கூகுள்', சிலர் 'இணையம்' என்று போட்டிருந்தார்கள். ஒரு பையன் 'போன்' என்றே எழுதியிருந்தான். அந்த நேர்மைக்கு இரண்டு புள்ளி கூடப் போட்டேன்.

இலங்கைக்குத் தேயிலை வந்தது 1824 இல் என்றது ஒரு கட்டுரை. 1867 என்றது அடுத்தது. இரண்டிலும் விஷயம் இருக்கிறது. 1824 இல் சீனாவிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குத் தேயிலைச் செடி வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வியாபாரத்துக்கென்று நட்டது 1867 இல். எங்கே படித்தது என்று ஒரு வரி இருந்திருந்தால் எதைச் சொல்ல வந்தார்கள் என்று பார்த்திருப்பேன். 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 975,000 பேரையும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள் என்றது இன்னொன்று. அது ஒப்பந்தத்தின் மொத்தக் கணக்கு. இந்தியா ஏற்பதாகச் சொன்னது 525,000, இலங்கை 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். எல்லாரும் போயிருந்தால் கட்டுரை எழுத அந்தப் பிள்ளை இங்கே இருந்திருக்காதே! பிழை பிள்ளையுடையதா, பார்த்து எழுதிய இடத்தினுடையதா? கண்டுபிடிக்க வழியில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதியவர்களும் உண்டு. அது கேட்டால் உசாத்துணையும் தரும், இல்லாத புத்தகத்தின் பெயரையும் சேர்த்து.

பிள்ளைகளை ஏசிப் பயனில்லை. நானும் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவள். கரும்பலகையில் குறிப்பு எழுதிப் போடுவேன், அவர்கள் கொப்பியில் இறக்கிக்கொள்வார்கள். எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று ஒரு நாளும் எழுதிப் போட்டதில்லை. பரீட்சையில் அதை அப்படியே எழுதினால் முழுப் புள்ளி. இப்படிப் பழக்கிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதற்குக் களவு என்று பெயர் வைத்தால் பிள்ளை முழிக்காமல் என்ன செய்யும்?

வந்ததில் எனக்குப் பிடித்த கட்டுரை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையுடையது. வேலை பிரித்துக் கொடுக்கும் விடியற்காலைப் பெரட்டு, கொழுந்து நிறை குறைந்த நாளில் விழும் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), லயத்துக் காம்பிராவுக்குள் (வரிசை வீட்டு அறைக்குள்) ஒழுகும் மழை, எல்லாம் கண்முன் நின்றன. உசாத்துணை மட்டும் வெறுமை. கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் எங்க அம்மாயி சொன்னது டீச்சர். புத்தகத்துல இல்லையே, எப்படிப் போடுறது?" என்றாள்.

தாராளமாகப் போடலாம். சொன்னவர் பெயர், வயது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பேசிய தேதி. அவ்வளவுதான். அம்மாயியிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், அது முக்கியம். தோட்டத்து மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, புத்தகத்தில் இல்லை என்று விட்டிருந்தால் மலைநாட்டுப் பாடல்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? இணையத்தில் எடுத்தாலும் அப்படித்தான்: எழுதியவர், தலைப்பு, எந்தத் தளம், பார்த்த தேதி. போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் பழைய மலையகச் சஞ்சிகைகளே பக்க எண்ணோடு கிடைக்கின்றன.

உங்களிடமும் ஒரு குறை. மாணவர் பக்கத்தில் வரும் கட்டுரைகளுக்குக் கீழே பாடசாலைப் பெயர் இருக்கிறது, எங்கிருந்து எடுத்தது என்பது இருப்பதில்லை. இரண்டு வரி இடம் ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளையின் கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். அம்மாயியின் பெயரைச் சேர்த்து மறுபடி எழுதித் தந்திருக்கிறாள். போடுவதானால் அந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
பண்டாரவளை