இரண்டாவது வலையமைப்பு அட்டை குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை மாலை, கஸ்தூரியார் வீதியில் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரத்தில், உங்கள் பற்றுச்சீட்டுகளைப் பதியும் எங்கள் சேர்வர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தொடர்பற்றுப் போனதையும், உங்களிற் பலர் பற்றுச்சீட்டைக் கையால் எழுத நேர்ந்ததையும் அறிவோம். அதற்காக மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறோம்.

ஆனால், "இரண்டு அட்டை பூட்டியதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள், இரண்டாவது வெறும் கண்துடைப்பு" என்று கடைக்குக் கடை பரவும் கதையைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. சேர்வரைக் கேபிள் வழியாக வலையமைப்போடு இணைக்கும் அந்த இரண்டாவது அட்டை சேர்வரினுள் இருக்கிறது. ஐயமுள்ளவர்கள் அலுவலகத்துக்கு வந்து கண்ணாலேயே பார்க்கலாம். பொண்டிங் முறையில் இரண்டும் ஒரே முகவரியின் கீழ் இணைக்கப்பட்டு, ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை, 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சேர்வரின் இயங்குதளமான லினக்ஸ் பார்த்துவந்தது. இல்லையென்றால் காத்திருப்பது உடனே பொறுப்பேற்கும். ஆடி மாதத்தில் எலியொன்று ஒரு கேபிளைக் கடித்து அறுத்த அன்று உங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அந்த நாளைப் பற்றி எவரும் கதைப்பதில்லை! (அட்டை இரண்டென்றால் வேகமும் இரட்டிப்பாக வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு: இந்த முறையில் ஆகாது, ஆகுமென்று நாங்கள் சொன்னதும் இல்லை.)

வெள்ளிக்கிழமை இரண்டு அட்டைகளில் எதுவும் பழுதாகவில்லை. பழுதானது, கேபிள்கள் வந்து சேரும் வலையமைப்புப் பெட்டியான சுவிச். அதுவும் முற்றாக அணைந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மின்சாரம் இருந்தது, விளக்குகள் எரிந்தன, தரவுகள் மட்டும் போகவில்லை. கேபிளின் மறுமுனையில் இணைப்பு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும் பரிசோதனைக்கு எல்லாம் நலமாகவே தெரிந்தது. இரண்டு கேபிள்களும் அந்த ஒரே சுவிச்சில்தான் இருந்தன என்பதையும், அவற்றைச் செருகிய தம்பி இப்போது கனடாவில் இருக்கிறார் என்பதையும் இங்கே குறிப்பிட்டு விடுகிறோம்.

இப்போது இரண்டாவது அட்டைக்குத் தனிச் சுவிச்சும் தனி யூ.பி.எஸ்.ஸும் போட்டு, இரண்டு சுவிச்சையும் தனித்தனியே ரூற்றருடன் இணைத்திருக்கிறோம். சேர்வர் இனி விளக்கை நம்பாது. ஒவ்வொரு செக்கனும் ஏ.ஆர்.பி. (ஒரு முகவரி யாருடையது என்று வலையமைப்பில் கேட்டுப் பதில் பெறும் முறை) மூலம் ரூற்றரை அழைத்து, பதில் வராவிட்டால் மற்ற அட்டைக்கு மாறும். ஞாயிறு மாலை, பற்றுச்சீட்டுப் பதிவு ஓடிக்கொண்டிருக்கையில், ஒவ்வொரு கேபிளாகக் கழற்றியும் ஒவ்வொரு சுவிச்சாக அணைத்தும் பார்த்தோம். ஒரு பதிவும் விடுபடவில்லை.

2022இல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக அல்லற்பட்ட நாட்களிலும் எங்களை விட்டுப் போகாத உங்களுக்கும், வெள்ளிக்கிழமை இரவே தொலைபேசியில் அழைத்து ஏசாமல் "தம்பி, சாப்பிட்டீரா?" என்று கேட்ட சுன்னாகத்து ஐயாவுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

புதிய சுவிச்சின் பொருட்டு, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் அடுத்த மாதம் முதல் 400 ரூபாவால் கூடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
உரிமையாளர்
யாழ்ப்பாணம்