பேர் வெட்டிய சொம்பை யார் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயலகத் தமிழர் வாழும் ஊர்களில் உள்ள அருங்காட்சியகங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இங்கே டர்பனில் நாங்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். கட்டிடம், நிதி, அரசு உதவி என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்ன கட்டுரையாளர், அங்கே மக்களைக் கூட்டி நடத்தும் நிகழ்ச்சிகளை நாலு வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதுதான் தலையாய விஷயமாகப் படுகிறது.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்த நாளை ஒட்டி ஒவ்வொரு வருஷமும் இங்கே விழா நடக்கிறது. கடலில் பூத்தூவுவோம், பிள்ளைகள் பரதம் ஆடுவார்கள், தலைவர்கள் பேசுவார்கள், பிரியாணி இருக்கும். கண்காட்சிக் கூடங்களும் அந்த வாரம் நிறைந்துவிடும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பட்டுப்பாவாடை கட்டிய ஆறு வயசுப் பிள்ளை கப்பல் படத்தின் முன்னால் நின்று “நம்ம தாத்தா இதிலேயா வந்தார்?” என்று கேட்பது நல்ல விஷயம்தான். ஆனால் டிசம்பர் பிறந்ததும் கூடம் காலியாகிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களை யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை.

நான் பார்த்த ஒரு பொருளைச் சொல்கிறேன். இங்குள்ள ஒரு கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. விளிம்பு நசுங்கி, அடிப்பக்கம் ஈயம் வைத்து அடைத்திருந்தது. பக்கத்தில் இருந்த அட்டையில் “தண்ணீர்ப் பாத்திரம், இந்தியர் பயன்படுத்தியது” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது. சீர்வரிசைப் பாத்திரங்களில் நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் உளியால் தட்டிக் கொடுப்பார்களே, அதே வெட்டு. ஒரு பெண்ணின் பேர், முன்னால் தகப்பன் பேரின் முதல் எழுத்து, கீழே ஊர்ப்பேர். அந்தக் குடும்பம் இங்கேயே இருக்கலாம் என்பதால் பேரை எழுதவில்லை. எத்தனையோ வருஷமாகக் காட்சியில் இருக்கும் பொருளில் அதன் சொந்தக்காரி யார் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. படிக்க ஆள் இல்லை. அங்கே வேலை செய்கிற தம்பியிடம் சொன்னேன். “அது டிசைன் என்று நினைத்தோம் ஆன்ட்டி” என்றார். அவர்மேல் கோபப்பட முடியுமா? தமிழ் படிக்க அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதே கூடத்தில் ஒரு பெரிய புகைப்படம், மேகசின் பாரக்ஸில் எடுத்தது. 1880களில் டர்பன் நகராட்சி தன் இந்தியத் தொழிலாளிகளுக்குக் கட்டிய குடியிருப்பு அது. தெருக் கூட்டியவர்களும் குப்பை அள்ளியவர்களும் தோட்ட வேலை செய்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1960களில் எல்லாரையும் கிளப்பி, நகரத்துக்கு வெளியே இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். படத்தில் குழாயடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வாளியும் குடமுமாக நிற்கிறார்கள். ஒருவர் பேரும் அட்டையில் இல்லை. என்னோடு வந்திருந்த ஓர் ஆயா, எண்பதைத் தாண்டியவர், கைத்தடியை நீட்டி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். இவள் இந்த வரிசை வீடு, இவள் புருஷன் நகராட்சிக் குதிரை லாயத்தில் வேலை, பின்னால் திரும்பி நிற்கிறவள் பிள்ளைப்பேறு பார்ப்பவள், அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஆடி மாசம் கஞ்சி காய்ச்சுவோம், இந்த இடத்தில்தான் விடிய விடியக் கூத்து நடக்கும் என்று அரைமணி நேரம் பேசினார். கூத்தில் பொம்பளை வேஷம் கட்டியவர் யார், மத்தளம் அடித்தவர் யார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. என் பையில் இருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் என்னால் முடிந்ததை எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதை எழுதிக்கொள்ள அருங்காட்சியகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

இதைத்தான் நான் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு பெருவிழாவோடு மாதம் ஒரு சின்னக் கூட்டமும் நடக்கட்டும். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். ஒரு மேசை, பழைய படங்கள், டீ, பேசுவதைப் பதிவு செய்ய ஒரு போன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், இங்குள்ள ஆப்பிரிக்கர் பேசும் ஜூலு மொழி தெரிந்த ஒருவர், இவ்வளவு போதும். இந்த மாதம் மேகசின் பாரக்ஸ்காரர்கள் வாருங்கள், அடுத்த மாதம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர்கள் வாருங்கள் என்று கோயிலிலும் சர்ச்சிலும் சொல்லிவிட்டால் ஆட்கள் வருவார்கள். வண்டி மட்டும் ஏற்பாடு செய்ய வேண்டும். சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்கு எண்பது வயசில் டாக்சி மாறி மாறி வர முடியாது.

கப்பல் பட்டியல்கள் இருக்கின்றனவே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவை பெரிய பொக்கிஷம், மறுக்கவில்லை. பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை எழுதி, ஆளுக்கு ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் அதை வைத்துத்தான் சொந்த ஊரைத் தேடிப் போயின. ஆனால் ஒருவனைக் கொண்டுவந்து மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்துக்கு வேலையில் வைக்க ஒரு அரசாங்கத்துக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதைத்தான் அந்த ஏடு சொல்லும். குழாயடியில் நின்றவள் பிள்ளைப்பேறு பார்ப்பவள் என்று எந்த ஏட்டிலும் இருக்காது.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1966இல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். 1994இல் ஒரு பழைய மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது தரையில் பெரிய தெரு வரைபடத்தை விரித்து, அங்கே இருந்தவர்களையே கூப்பிட்டு, உங்கள் வீடு எங்கே இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். நீளமான துணியிலும் எழுத வைத்து, அந்த எழுத்தின்மேலேயே தையல் போட்டார்கள். வந்தவர்கள் எழுதியதே அங்கே காட்சிப்பொருள். மேகசின் பாரக்ஸின் வரைபடத்தைத் தரையில் விரித்தால் நம் ஆட்கள் எழுத மாட்டார்களா? பார்க்கிற சாக்கில் ஆயாமார்கள் சண்டையே போட்டுக்கொள்வார்கள், எந்தக் கதவு யாருடையது என்று!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இந்தக் கூட்டங்களுக்கு ஜூலு பெரியவர்களையும் அழைக்க வேண்டும். டர்பனில் குவாமுஹ்லே அருங்காட்சியகம் இருக்கும் கட்டிடம் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கர்களுக்கு நடமாட்ட அனுமதிச் சீட்டு கொடுத்த அலுவலகம். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேரை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம்? டர்பனில் உள்ள கேட்டோ மேனர் பகுதியில் இரண்டு சமூகமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தது. நிலமும் கடையும் நம்மவரிடம், வாடகைக்கு இருந்தவர்கள் அவர்கள். 1949 ஜனவரியில் நடந்த கலவரத்தில் இரு பக்கமும் உயிர் போனது. அப்புறம், எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து எல்லாரையுமே கிளப்பியது. அந்தக் கலவர நாட்களில் அடைக்கலம் கொடுத்த ஜூலு குடும்பங்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் கஷ்டத்தை மட்டும் காட்டுகிற கூடத்துக்கு நம் பிள்ளைகள்கூட இரண்டாவது தடவை வர மாட்டார்கள்.

“தமிழில் அட்டை வைத்தால் யார் படிக்கப் போகிறார்கள்?” என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். நான் கோயில் பாடசாலையில் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், உண்மை. ஆனால் பாடப் புத்தகத்தில் ‘அ’வைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற பையனை அந்தச் சொம்பின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். நான் மூன்று பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவர்களே அந்தப் பேரைப் படித்தார்கள். ஊர்ப்பேரில் பாதி தேய்ந்திருந்தது. அது என்னவாக இருக்கும் என்று வீடு வரும்வரை வாதம். 1903இல் இதே ஊரில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் அச்சானது. அன்றைக்கு அச்சுக் கோக்க ஆள் கிடைத்தது. இன்றைக்கு ஓர் அட்டை எழுத ஆள் கிடைக்காதா? எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக, உங்கள் வாசகர்களிடம் ஓர் உதவி. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பரண்மேல் ‘நேட்டால்’ முத்திரை குத்திய பழைய கடிதமோ பணம் அனுப்பிய ரசீதோ கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, எந்த ஊர், யார் வீடு என்று ஒரு வரி எழுதி இந்த இதழுக்கு அனுப்பினால், ஆசிரியர் எங்களுக்குச் சேர்ப்பித்துவிடுவார் என்று நம்புகிறேன். இங்கே அவற்றைப் படித்து, அந்தக் குடும்பத்தைத் தேடும் வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளும் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா