பொருள்: இழுவைப் பெட்டியின் ரயருக்கு எவ்வளவு காற்று என்று நான்காவது தடவையாகக் கேட்பது

அனுப்புநர்: முட்டை வியாபாரி, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம்.
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த மாசி மாதம் உங்கள் வவுனியா விற்பனை நிலையத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னால் பூட்டி இழுக்கும் சிறிய இரண்டு சக்கரப் பெட்டி ஒன்றை 165,000 ரூபா கொடுத்து வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உள்ளது. பெட்டியில் குறை சொல்ல மாட்டேன். ஒட்டு வேலை சுத்தம், பூச்சும் நல்ல பூச்சு. அதன் ரயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்ற ஒரே ஒரு கேள்வியோடுதான் நான்கு மாதமாக அலைகிறேன். செய்து விற்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பியதுதான் நான் செய்த பிழை.

நான் ஏற்றுவது முட்டை. வாரத்தில் இரண்டு நாள் புதுக்குடியிருப்புக்கும் முள்ளியவளைக்கும் 30 அட்டை, அதாவது 900 முட்டை. நெல் மூட்டை என்றால் குலுங்கினால் குலுங்கட்டும் என்று விட்டுவிடலாம்.

பெட்டியோடு தந்த துண்டுப்பிரசுரத்தில் தமிழில் ஒரு வரியும் இல்லை. மகனை வாசிக்கச் சொன்னேன். காற்றழுத்தம் ரயரில் குறிப்பிட்டபடி என்று இருந்தது. ரயரின் பக்கத்தில் அதிகபட்சச் சுமை 300 கிலோ, அதற்கு 50 பி.எஸ்.ஐ. என்று பொறித்திருக்கிறது. உங்கள் தொலைபேசிக்கு எடுத்தேன். "50 அடியுங்கள்" என்றார்கள். அடித்தேன். அடுத்த நாள் புதுக்குடியிருப்பு வீதியின் ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி முயல் போலத் துள்ளியது. முதல் கடையில் இறக்கிப் பார்த்தால் 11 அட்டை போய்விட்டது. 330 முட்டை! மஞ்சள் கரு பலகை இடுக்கால் ஒழுகி ஒழுகி, வீடு வரை நாய்கள் பின்னால் வந்தன.

மீண்டும் எடுத்தேன். இந்தத் தடவை ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசினார். "15 போதும் ஐயா, மெத்தை மாதிரிப் போகும்" என்றார். மெத்தை மாதிரித்தான் போனது. முள்ளியவளைக்கு முன்னால் வளைவில் பெட்டி வாலை ஆட்டத் தொடங்க, என் மோட்டார் சைக்கிளின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். ரயரின் பக்கம் கை வைக்க முடியாத சூடு. ஒரு சக்கரத்தில் வால்வு சரிந்து நின்றது. காற்றுக் குறைந்தால் ரயர் றிம்மில் நழுவி ரியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும், இன்னும் ஐந்து மைல் ஓடியிருந்தால் வால்வு அடியோடு அறுந்திருக்கும் என்று அங்கே ஒட்டுப்போடும் பெரியவர் சொன்னார். அவருக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அதற்காகத்தான். அன்று வற்றாப்பளைப் பொங்கல். எங்கள் வீட்டில் எல்லோரும் அம்மனிடம் போக, நான் மட்டும் நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக உங்கள் கடைக்கு வந்தேன். அது மூன்றாவது பயணம். போக வர 100 கிலோமீற்றருக்கு மேல். (முதல் இரண்டு பயணத்திலும் "பொறுப்பானவர் இல்லை" என்று திருப்பி அனுப்பினீர்கள், அதை இப்போதைக்கு விடுகிறேன்.) மோட்டார் சைக்கிளின் பின் ரயருக்கு அடிப்பதையே பெட்டிக்கும் அடிக்கும்படி அதற்கு முந்தைய வாரம் உங்களில் ஒருவர் சொல்லியிருந்ததால், விடியற்காலையில் 32 அடித்துக்கொண்டுதான் புறப்பட்டேன். உச்சி வெயிலில் வந்து சேர்ந்தபோது உங்கள் ஊழியர் மானியை வைத்துப் பார்த்தார். 37 காட்டியது. "கூடிப்போய்விட்டது" என்று உஸ் என்று 32க்கு இறக்கிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தேன், 27. ஐயா, ஓடி வந்த ரயர் சூட்டில் காற்று விரியும் என்பதும், ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பதும் உங்கள் துண்டுப்பிரசுரத்திலேயே எழுதியிருக்கிறது! உங்கள் ஊழியர் அதை வாசிக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் சுமைக்கு எவ்வளவு என்று நான் திரும்பவும் கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பெட்டிதான் எங்கள் பொறுப்பு, காற்று உங்கள் பொறுப்பு. காட்டுப் பக்கத்தில் ஓடினால் எந்த ரயரும் இப்படித்தான்" என்றார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். காட்டுப் பக்கம்! அந்தக் காட்டுப் பக்கத்துப் பணத்தை மாசியில் எண்ணி வாங்கியபோது அவருக்கு மணக்கவில்லையா? என் வயதில் பாதி இருக்காது அவருக்கு. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்குப் போகாததற்கு வீட்டில் வாங்கியது வேறு.

மன்னிக்கவும், கோபத்தில் விடயத்தை விட்டுவிட்டேன். நான் கேட்பது இதுதான். ரயரில் பொறித்திருக்கும் 50 என்பது ஒரு சக்கரம் 300 கிலோ சுமக்கும்போது அடிக்க வேண்டியது. என் பெட்டி வெறுமையாக 70 கிலோ. 900 முட்டை, அட்டையும் முட்டை அடுக்கும் பெட்டிகளும் சேர்த்தால் இன்னொரு 65 கிலோ. அதில் கொஞ்சம் கொளுக்கிவழியே மோட்டார் சைக்கிளில் இறங்குகிறது. ஆகவே ஒரு சக்கரத்தில் 60 கிலோ வரும், ஐந்தில் ஒரு பங்கு. அதற்கும் 50 அடித்தால் ரயர் கல்லாகத்தான் இருக்கும். எந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை ரயர் செய்பவர்களிடம் இருக்கும். அதை வாங்கித் தமிழில் அச்சடித்துத் தாருங்கள். கொளுக்கியில் இறங்கும் பாரத்துக்காக மோட்டார் சைக்கிளின் பின் ரயருக்குக் கூட்ட வேண்டுமா என்பதையும் எழுதுங்கள்.

உடைந்த முட்டை, மூன்று பயணத்தின் பெற்றோல், ரியூப், என்னை விட்டு வேறு ஆளிடம் போன இரண்டு கடைகள், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறையாத நட்டம். என் பிழைப்பே சரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முழுவதையும் தரும்படி கேட்கவில்லை. தந்தால் மறுக்கவும் மாட்டேன். அந்த ஊழியர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும், அது கட்டாயம்.

நீங்கள் பெரிய நிறுவனம், நல்லபடியாகவே தீர்த்துவைப்பீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் காட்டுப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். பெட்டியையும் கொண்டுவந்து உங்கள் கடை வாசலில், அழுகிய முட்டையோடு நிறுத்துவேன். அதற்கு இடம் வைக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பற்றுச்சீட்டில் பெயர் உள்ள வாடிக்கையாளன்

பி.கு.: ஒட்டுப்போடும் பெரியவர் சொன்னபடி ரயரின் குறுக்கே வெண்கட்டியால் கோடு போட்டு, சுமையோடு சிமெந்துத் தரையில் உருட்டிப் பார்த்தேன். 50இல் நடுக்கோடு மட்டும் அழிந்தது, 15இல் இரண்டு ஓரமும் அழிந்தன. 24இல் முழுக்கோடும் ஒரேயளவாகத் தேய்ந்தது. மூன்று வாரமாக விடியற்காலையில் 24 அடித்து ஓடுகிறேன், மொத்தமாக 4 முட்டைதான் உடைந்தன. அது சரியா, பிழையா என்றாவது சொல்லுங்கள்.