கூத்து வீடியோ அனுப்பியிருக்கிறேன், அம்மணி

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அம்மணி,

நீ கேட்ட தோல்பாவைக்கூத்து வீடியோவை நேற்று ராத்திரி வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்பிவிட்டேன். முதலில் சாதாரண வீடியோவாகப் போட்டுப் பார்த்தேன். பாவையின் கிரீடத்தில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருப்பார்களே, அதன் வழியே வருகிற வெளிச்சப் புள்ளிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு மஞ்சள் கறை மாதிரி ஆகிவிட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ வைத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பில், பிளெண்டர் என்கிற சாஃப்ட்வேரில்தான் வெட்டினேன். மூன்று சாயங்காலம் பிடித்தது. 4 நிமிட வீடியோவை உள்ளே போட்டால் படம் 5 நிமிடத்துக்கு நீள்கிறது, சத்தம் மட்டும் 4 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, ராமர் அம்பு தொடுக்கும் முன்பே, பாவை ஆட்டிப் பாடுகிற புலவர் பாட்டை முடித்துவிடுகிறார். போனில் எடுத்தது நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், பிளெண்டரில் 24 என்று இருந்திருக்கிறது. 30 ஆக்கி, கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம் ரெண்டர் செய்தால், அதாவது வெட்டியதை ஒரே வீடியோவாக எடுத்தால், 8 நொடி சொச்சத்தில் நிற்கிறது, கடைசி ஃப்ரேம் 250 என்று அதுவாகவே வைத்திருக்கும் போல. அதையும் மாற்றினேன். சத்தத்தை எந்த வடிவில் பதிய வேண்டும் என்கிற ஆடியோ கோடெக்கைப் போடாததால் ஒரு தடவை ஊமைப்படமாக வந்தது, ஏஏசி என்று கொடுத்த பிறகுதான் குரல் கேட்டது.

ஒரு நிமிடம் போதும் என்றாய். நான் 1 நிமிடம் 40 நொடி விட்டிருக்கிறேன், வேண்டுமென்றேதான். நேரம் காட்டுகிற கோட்டினை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி 'கே' தட்டினால் துண்டாகிவிடுகிறது, வெட்டுவது சுலபம், எங்கே வெட்டுவது என்பதில்தான் எனக்கு நேரம் போனது. பாவையின் கை நின்ற இடத்தில் வெட்டலாம் என்று உனக்குத் தோன்றும், ஆனால் அங்கே பாட்டு முடியவில்லை கண்ணு. கம்பர் பாட்டு அது. அர்த்தம் சொல்லும்போது மலையாளம் கலந்து வருகிறது, பாட்டு மட்டும் நம் தமிழ். அதைப் பாதிச் சொல்லில் அறுக்க எனக்கு மனசு வரவில்லை, சத்தத்தின் அலையைப் பெரிசாக்கிப் பார்த்து, மூச்சு விடுகிற இடத்தில் வெட்டினேன்.

தொடக்கத்தில் 6 நொடி ஒன்றுமே நடக்காது. அதை எடுத்துவிடாதே. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு எரிகிறது, ஆட்டுகிறவர் பக்கத்தில் வந்தால் சுடர் அசைகிறது, அசையாமல் குத்தி வைத்திருக்கிற பாவைகூட மூச்சு விடுகிற மாதிரி தெரிகிறது. நீ கம்ப்யூட்டரில் பொம்மைக்கு உயிர் கொடுக்க எவ்வளவு பாடுபடுகிறாய் என்று சொல்வாயே, அந்த 6 நொடியை உங்கள் ஆபீஸ்காரர்களுக்குக் காட்டு.

வீடியோ எடுத்த அன்றைக்கு விடியக்காலம், கூத்து ஆடுகிற மேடையான கூத்துமாடத்துக்கு எதிரே நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஒரு பாட்டைக்கூடக் குறைக்கவில்லை. தாரிகன் என்கிற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராமாயண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பகவதிக்காக ஆடுவது, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆடியாக வேண்டும்.

ஆன்லைனில் போடும்போது மேலே வேறு மியூசிக் சேர்க்காதே, கம்பர் பாட்டு என்று தமிழில் ஒரு வரி எழுது. முழு வீடியோ பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது. தைக்கு மேல் லீவு கிடைத்தால் வா, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று புலவரிடம் கேட்டேன், கூட்டி வாங்க என்றார்.

அப்பா