எம்.பி.பி.எஸ். படிப்புக்கு முன்னேற்றத் தேர்வு வேண்டும்

தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கு வணக்கம்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். போன மாதம் எங்கள் வார்டில், இதயச் செயலிழப்புக்காக எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் சாப்பிட்டு வந்த ஒரு பெரியவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 6.4 என்ற ஆபத்தான அளவில் இருந்தது. பயிற்சி மருத்துவர் அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். அதற்கு நேர் கீழே, அந்த இரண்டு மாத்திரைகளையும் தொடரும்படி எழுதியிருந்தார். இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றுபவை. கேட்டால், "அது செகண்ட் இயர்ல படிச்சது மேடம்" என்றார். மருந்தியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்தான். பரீட்சை முடிந்த பாடத்தை அதன்பிறகு யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

2019-இல் திறன்சார் பாடத்திட்டம் வந்தது. மாணவர்கள் செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்து போட்டே எங்கள் நேரம் கரைகிறது. நெக்ஸ்ட் என்ற தேசிய வெளியேறும் தேர்வை 2023 ஜூலையில் ஒத்திவைத்தீர்கள். சரி, அது வந்தாலும் படிப்பின் கடைசியில்தானே வரும்? இரண்டாம் ஆண்டுப் பாடம் மறந்துபோனதை அப்போது கண்டுபிடித்து என்ன செய்வது?

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் 1977-லேயே இதற்கு முன்னேற்றத் தேர்வு என்ற வழியைக் கண்டார்கள். முதலாம் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஆண்டுக்கு நான்கு முறை வைத்தார்கள். படிப்பை முடிக்கும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவைதான் கேள்விகள். 'தெரியாது' என்று குறித்தால் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. தவறான விடைக்குக் குறைத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் மருத்துவருக்கு எவ்வளவு அவசியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாணவரின் அறிவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி வளர்கிறது, எந்தப் பாடம் எங்கே கரைகிறது என்பது அதில் தெரியும். ஒரு வகுப்பே ஒரே பாடத்தில் சரிந்தால், திருத்த வேண்டியது மாணவரை அல்ல, கற்பித்தலை.

எங்கள் வருகையை ஆதார் வழியாகப் பதிவு செய்கிறீர்கள். படுக்கைகளை எண்ணுகிறீர்கள். மாணவருக்கு என்ன நினைவிருக்கிறது என்பதை மட்டும் யாரும் அளப்பதில்லை. பெரியவருக்கு அன்று மாத்திரையை நிறுத்திவிட்டோம். எல்லா வார்டிலும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நம்பி இருக்க முடியுமா?

தயவுசெய்து முன்னேற்றத் தேர்வைக் கொண்டுவாருங்கள். முதலில் சில அரசுக் கல்லூரிகளில், ஆண்டுக்கு இரண்டு முறை போதும். தேர்ச்சி, தோல்வி வேண்டாம். முடிவுகள் மாணவருக்கும் கல்லூரிக்கும் போகட்டும். கேள்விகள் எழுத ஆசிரியர்களை அழையுங்கள். நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ ஆசிரியை